தீயை அளந்த குயவர்

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் நோக்கிச் செல்லும் சாலையில் சாணார்பட்டி என்னும் ஊர் இருக்கின்றது. அதற்கு அருகே சிறுமலைத் தொடர் நீண்டு கிடக்கின்றது. மலையடிவாரத்தை விட்டு அகன்றால் எங்கும் சமவெளி. வானம் பார்த்த நிலம். இடையிடையே மழைநீரைத் தேக்கி வைக்கும் குளங்களும் கண்மாய்களும். கோடையில் நீர் வற்றியதும் அவற்றின் அடியில் வழுவழுப்பான மண் வெளிப்படும். உழவர் கண்ணுக்கு அது வயலுக்கு இடும் வண்டல். குயவர் கண்ணுக்கோ அது பானையும் குடமும் அகலும் ஆகும். திண்டுக்கல், மதுரைப் பகுதிகளில் குயத்தொழில் புரிவோரை வேளார் என்று அழைப்பர். பொங்கலுக்குப் புதுப்பானை தருவோர் அவரே. அய்யனார் கோயிலில் நிற்கும் மண்குதிரைகளை உருவாக்குவோரும் அவரே.

வேளார் தொழில் செய்வதை நீங்கள் உற்று நோக்கியிருக்கின்றீர்களா? களிமண்ணை உலர்த்தி, உடைத்து, கல்லும் வேரும் நீக்கி, நீரில் ஊறவைத்து, மணல் கலந்து காலால் மிதிப்பார். பிறகு திகிரியின் நடுவே வைத்து வனைவார். பாதி உலர்ந்த பானையின் உட்புறம் ஒரு கல்லைத் தாங்கிக்கொண்டு, வெளிப்புறம் பலகையால் தட்டித் தட்டி அடிப்பாகத்தை மூடுவார். நிழலில் உலர்ந்த பாண்டங்களை அடுக்கி, விறகும் வறட்டியும் வைக்கோலும் கொண்டு மூடிச் சூளைக்குத் தீ மூட்டுவார். எவ்வளவு மணல் சேர்ப்பது என்பதை அவர் விரல்கள் அறியும். எப்பொழுது தீயை நிறுத்துவது என்பதை அவர் கண்கள் அறியும். ஏட்டில் எழுதப்படாத அந்த அறிவு தந்தையிடமிருந்து மகனுக்குக் கை வழியாகவே வந்து சேர்கின்றது.

இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஆங்கில நாட்டுக் குயவர் நிலையும் இதுவே. அங்கும் மண்ணைப் பற்றிய அறிவு கையிலும், தீயைப் பற்றிய அறிவு கண்ணிலும் இருந்தன. கைக்குரியவர் மறைந்தால் அறிவும் உடன் மறைந்துவிடும். இந்நிலையில், கால் நலமிழந்த குயவர் ஒருவர் மண்ணின் இயல்பை எழுதி வைக்க முடியாதா, சூளைக்குள் எரியும் தீயை அளந்து கூற முடியாதா என்று எண்ணினார். அவ்வெண்ணத்தை வாழ்நாள் முழுவதும் விடாது பற்றி நின்ற அப்பெரியார் ஜோசையா வெட்ஜ்வுட் ஆவார்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஸ்டாபோர்டுஷயர் என்னும் மாவட்டம் உள்ளது. அங்குள்ள பர்ஸ்லெம் என்னும் சிற்றூரில் 1730ஆம் ஆண்டு வெட்ஜ்வுட் பிறந்தார். பரம்பரையாகக் குயத்தொழில் புரிந்த, மக்கட்பேறு மிகுந்த குடும்பத்தில் அவரே கடைக்குட்டி. அவ்வூரைச் சுற்றிலும் களிமண்ணும் நிலக்கரியும் கிடைத்தமையால் தெருதோறும் சூளைகள் புகைந்துகொண்டிருந்தன. ஆயினும் அங்குச் செய்யப்பட்ட பாண்டங்கள் பெரும்பாலும் முரடானவை. செல்வர் வீட்டு மேசைகளில் சீன நாட்டுப் பீங்கானே இடம்பெற்றது.

ஒன்பது வயது நிரம்புவதற்குள் ஜோசையா தந்தையை இழந்தார். பள்ளிப் படிப்பு அத்துடன் நின்றது. மூத்த அண்ணன் நடத்திய தொழிற்கூடத்தில் சிறுவர் வேலைக்கு அமர்ந்தார். இளங்கையிலேயே வனையும் திறம் நன்கு படிந்தது. அப்பொழுது ஊரெங்கும் பரவிய அம்மை நோய் அவரையும் பற்றியது. உயிர் தப்பினார்; ஆனால் நோய் அவருடைய வலது முழங்காலில் தங்கிவிட்டது. அக்காலத்து ஆங்கிலக் குயவர் காலால் உதைத்துச் சுழற்றும் திகிரியையே பயன்படுத்தினர். கால் வலுவிழந்த சிறுவருக்கு அத்திகிரியின் முன் நெடுநேரம் அமர்ந்து தொழில் செய்வது இயலாததாயிற்று.

குயவர் வீட்டுப் பிள்ளைக்கு இதனினும் பெரிய இடர் வேறு யாது? இனி இவரால் ஆவது ஒன்றுமில்லை என்று ஊரார் கருதியிருக்கக்கூடும். வெட்ஜ்வுட்டோ, திகிரி விலகிய இடத்தில் வேறொரு கதவைத் திறந்தார். மண்ணைக் கலப்பது, வார்ப்பு அச்சுச் செய்வது, நிறம் சேர்ப்பது, மெருகு பூசுவது ஆகிய பணிகளில் கருத்தைச் செலுத்தினார். ஒரு கலவை வெடிப்பதும் மற்றொரு கலவை வெடியாதிருப்பதும் ஏன் என ஆராயத் தொடங்கினார்.

மாணவர்களே, இவ்வாராய்ச்சியின் அருமையை உணர வேண்டுமானால் களிமண்ணின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். களிமண் மிக நுண்ணிய தகடு போன்ற துகள்களால் ஆயது. துகள்களுக்கு இடையே நீர் புகுந்திருப்பதால் அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. ஆகவே மண் நாம் வளைத்தவாறு வளைகின்றது. நீர் உலர்ந்து வெளியேறும்பொழுது துகள்கள் நெருங்குகின்றன, பாண்டம் சுருங்குகின்றது. ஒருபுறம் விரைந்தும் மறுபுறம் மெல்லவும் உலர்ந்தால் அது கீறும். மணல் சேர்த்தால் சுருக்கம் குறையும். மிகுதியாகச் சேர்த்தாலோ மண் ஒட்டாமல் உதிரும். சூளையிலிட்டால், ஏறத்தாழ 500, 600 பாகை செல்சியஸ் வெப்பத்தில், களிமண்ணின் உட்பொருளோடு பிணைந்திருந்த நீரும் நீங்கிவிடும். அதன்பின் அது எவ்வளவு ஊறினாலும் மீண்டும் குழையாது. மண் நிலையான பாண்டமாக மாறுவது அப்பொழுதே.

அவ்வாறு சுட்ட பாண்டத்திலும் நுண்துளைகள் எஞ்சியிருக்கும். நம் தண்ணீர்ப் பானையில் நீர் அத்துளைகள் வழியே கசிந்து ஆவியாவதால் உள்ளிருக்கும் நீர் குளிர்கின்றது. கோடையில் அது நமக்கு நன்மையே. ஆனால் எண்ணெய், புளி, பால் ஆகியவற்றை வைக்கும் கலத்திற்கு அத்துளைகள் ஆகா. அவற்றை அடைப்பதற்காகப் பாண்டத்தின்மேல் கண்ணாடியாக உருகிப் படியும் ஒரு பூச்சு தேவைப்படுகின்றது. இதுவே மெருகு எனப்படும். பாண்டமும் மெருகும் ஒரே அளவில் சுருங்குதல் வேண்டும். இல்லையேல் மெருகில் வலைபோல் கீறல் விழும். அல்லது மெருகு செதிலாக உரியும். எனவே மண்ணையும் மெருகையும் தீயையும் ஒருங்கே அறிந்தவரே இத்தொழிலில் வெற்றி பெற முடியும்.

1754ஆம் ஆண்டு வெட்ஜ்வுட், தாமஸ் வீல்டன் என்னும் புகழ்பெற்ற குயவருடன் கூட்டுச் சேர்ந்தார். ஆராய்ச்சி செய்ய அங்கே அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. 1759ஆம் ஆண்டில் சோதனைக் குறிப்பேடு ஒன்றை எழுதத் தொடங்கினார். அவர் வாழ்வின் திருப்புமுனை அதுவே எனலாம். ஒவ்வொரு சோதனைக்கும் ஓர் எண் தந்தார். எந்தப் பொருள் எத்தனை பங்கு, சூளையில் எந்த இடம், முடிவு யாது என்று பதிவு செய்தார். பிறர் அறியாவண்ணம் பொருள்களைக் குறியெண்களால் குறித்தார். அவ்வெண்களைச் சிறு மண்துண்டுகளின்மேல் பொறித்துச் சுட்டு வைத்தார். நல்ல முடிவை மட்டும் எழுதிவிட்டுத் தீய முடிவை மறைத்தாரல்லர். தோற்ற கலவையும் குறிப்பேட்டில் இடம்பெற்றது. ஒருமுறை தோற்றதை எழுதி வைத்தவர் அதே தோல்வியில் மறுமுறை வீழ்வதில்லை அன்றோ! இவ்வழியில் அவருக்குக் கிட்டிய முதற் பெருவெற்றிகளுள் ஒன்று தெளிந்த பச்சை மெருகு. அம்மெருகைப் பூசி, காலிபிளவர், அன்னாசி ஆகியவற்றின் வடிவில் அவர் செய்த கலங்களை மக்கள் விரும்பி வாங்கினர்.

அதே ஆண்டில் பர்ஸ்லெமில் தனித்தொழில் தொடங்கினார். சீனப் பீங்கானைப்போல் வெளுப்பும், அதனினும் குறைந்த விலையும் உடைய பாண்டம் ஒன்றைச் செய்ய வேண்டும் என்பது அவர் நோக்கம். உள்ளூர் மண்ணில் இரும்புச் சத்து கலந்திருந்தமையால் அது சூளையில் சிவந்துவிடும். நம் ஊர்ப் பானை சிவப்பதற்கும் அதுவே காரணம். ஆகவே இங்கிலாந்தின் தென்பகுதியில் உள்ள டெவன், டார்செட் மாவட்டங்களிலிருந்து வெளுப்பாகச் சுடும் களிமண் வரவழைக்கப்பட்டது. சிக்கிமுக்கிக் கல்லைச் சுட்டுப் பொடித்து அம்மண்ணுடன் சேர்த்தனர். அது பாண்டத்திற்கு வெண்மையும் உறுதியும் தந்தது. இக்கலவையைப் பிற குயவரும் முன்பே கையாண்டதுண்டு. ஆனால் அவர்தம் பாண்டங்கள் நிறத்தில் ஒன்றுபோல் ஒன்று அமையவில்லை. வெட்ஜ்வுட் சோதனைமேல் சோதனை செய்து, பாலேட்டின் நிறமுடைய, மெல்லிய, வழுவழுப்பான பாண்டத்தை ஒரே தரத்தில் மீண்டும் மீண்டும் செய்து காட்டினார். பாண்டத்தை முதலில் ஒருமுறை சுட்டு, மெருகில் தோய்த்து, பின் இரண்டாம் முறை சுட்டனர். புகையும் சாம்பலும் படாதிருக்க அவற்றைத் தீத்தாங்கும் மண்ணால் செய்த உறைகளுக்குள் வைத்துச் சூளையில் அடுக்கினர்.

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் தகாது. அழகிய அப்பாண்டங்களுக்குப் பின்னே தொழிலாளர் பட்ட துன்பமும் இருந்தது. சிக்கிமுக்கிக் கல்லின் தூளை மூச்சில் இழுத்தோர் நுரையீரல் நோயால் மாண்டனர். அதனால் நீரில் இட்டு அரைக்கும் முறையைத் தாமஸ் பென்சன் என்பவர் முன்னரே கண்டுபிடித்திருந்தார். மெருகிலே ஈயம் கலந்திருந்தது. அதில் நாள்தோறும் கை தோய்த்தவர்களை அந்நஞ்சு வாட்டியது. இன்று உணவுக் கலங்களுக்கு ஈயமில்லாத மெருகே ஏற்றது என்பது தெளிவாகத் தெரிந்துவிட்டது. பொழுதுபோக்காக மண்வேலை பயில்வோரும் உலர்ந்த மண்தூளைப் பெருக்கிப் பறக்கவிடாமல் ஈரத்துணியால் துடைத்தெடுத்தல் வேண்டும்.

1762இல் லிவர்பூலுக்குச் செல்லும் வழியில் வெட்ஜ்வுட்டின் நலிந்த முழங்காலில் மீண்டும் அடிபட்டது. அந்நகரில் பல வாரங்கள் படுக்கையில் கிடந்தார். அவ்வேளையில் தாமஸ் பென்ட்லி என்னும் வணிகரின் நட்புக் கிடைத்தது. பென்ட்லி கல்வியும் கலையறிவும் நிறைந்தவர். இருவரும் பிற்காலத்தில் தொழிலிலும் கூட்டாளிகளாயினர். 1764இல் வெட்ஜ்வுட் தம் உறவினராகிய சாரா என்பவரை மணந்தார். அவ்வம்மையார் கணவருடைய குறிப்பேட்டின் குறியெண்களைக் கற்றுக்கொண்டு, சோதனைகளில் துணைபுரிந்தார்.

1765ஆம் ஆண்டு ஆங்கில அரசியாகிய சார்லட் தேநீர்க் கலங்கள் செய்து தருமாறு பணித்தார். அக்கலங்கள் அரசியின் மனத்தைக் கவர்ந்தன. அதுமுதல் பாலேட்டு நிறப் பாண்டம் அரசியின் பாண்டம் என்று பெயர் பெற்றது. அரண்மனையின் புகழ் அதற்குத் துணை செய்தது உண்மையே. ஆயினும் விலை ஏற்றமாய் இல்லாமையால் நடுத்தரக் குடும்பத்தினரும் அதனை வாங்க முடிந்தது. லிவர்பூலில் இருந்த அச்சுக் கலைஞர் அப்பாண்டங்களின்மேல் தாளிலிருந்து ஓவியத்தை மாற்றிப் பதித்தனர். ருசிய நாட்டுப் பேரரசியாகிய காதரைனுக்கென 1774இல் 952 கலங்கள் கொண்ட ஒரு விருந்துத் தொகுதி முடிக்கப்பட்டது. அவற்றின்மீது பிரித்தானிய நாட்டின் இயற்கைக் காட்சிகளும் மாளிகைகளும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஓவியங்களாகத் தீட்டப்பட்டன.

பாண்டம் செய்தால் மட்டும் போதுமா? அது உடையாமல் ஊர் சேர வேண்டுமே! ஸ்டாபோர்டுஷயரின் பாதைகள் குண்டும் குழியுமானவை. குதிரைகளின் முதுகில் களிமண் வந்தது. அதே குதிரைகளின் முதுகில் பாண்டங்கள் சென்றன. வழியிலேயே உடைந்தவை பல. வெட்ஜ்வுட் நல்ல சாலைகளுக்காகப் போராடினார். பின்னர் ட்ரென்ட், மெர்சி ஆகிய இரண்டு ஆறுகளையும் இணைக்கும் கால்வாய் ஒன்றை வெட்டுவதற்கு முன்னின்றார். 1766இல் அவரே முதல் மண்ணை வெட்டித் தொடங்கி வைத்தார். ஜேம்ஸ் பிரிண்ட்லி என்னும் பொறியாளர் அதனை வகுத்தார். ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நீளமுள்ள அக்கால்வாய் 1777இல் நிறைவெய்தியது. களிமண் படகில் வந்தது; பாண்டம் படகில் குலுங்காமல் சென்றது.

இதற்கிடையில் கால் நோய் முற்றியது. 1768ஆம் ஆண்டு மே மாதம் வலது காலை வெட்டி நீக்குவதைத் தவிர வேறு வழியில்லை என்றாயிற்று. மயக்க மருந்து அறியப்படாத காலம் அது. முப்பத்தேழு வயதினரான வெட்ஜ்வுட் நாற்காலியில் அமர்ந்தவாறு, மருத்துவர் காலை அறுப்பதைத் தாமே பார்த்துக்கொண்டு பொறுத்திருந்தார். அதன்பின் மரக்காலுடன் நடந்தார். கால் நீங்கிய நாளை ஆண்டுதோறும் வேடிக்கையாகக் கொண்டாடும் அளவிற்கு அவர் உள்ளம் திடமாயிருந்தது.

மறு ஆண்டே, 1769 ஜூன் மாதத்தில், கால்வாய் செல்லவிருந்த வழியின் ஓரமாக எட்ரூரியா என்னும் பெரிய தொழிற்சாலையைத் திறந்தார். பழைய இத்தாலிய மக்களின் நாட்டுப் பெயரை அதற்குச் சூட்டினார். திறப்பு நாளன்று ஒரு காட்சி நிகழ்ந்தது. நண்பர் பென்ட்லி திகிரியைச் சுழற்ற, வெட்ஜ்வுட் தம் கையால் ஆறு சாடிகளை வனைந்தார். சிறுவயதில் கால் தர மறுத்த சுழற்சியை நட்பு தந்தது!

அத்தொழிற்சாலையில் வனைவோர், கடைவோர், கைப்பிடி ஒட்டுவோர், மெருகிடுவோர், ஓவியம் தீட்டுவோர் என வேலை பகுக்கப்பட்டது. குறித்த நேரத்தில் வருதல் வேண்டும். பிழைபட்ட பாண்டம் வெளியே செல்லுதல் கூடாது. பிழையுள்ள கலத்தைக் கண்டால் உடைத்தெறிவார் என்று கூறுவர். தொழிலாளர்க்கு அவர் கடுமையான தலைவராகவே தோன்றியிருப்பார். தம் விருப்பப்படி வந்து வேலை செய்த பழைய குயவருக்குக் கடிகாரத்திற்கு அடங்கி நடப்பது எளிதன்று.

இவ்வளவு பெருமை பெற்றும் அவர் சோதனையை விட்டாரல்லர். வெண்மையான, மிக நுண்ணிய, உள்ளும் புறமும் ஒரே நிறம் ஏற்கும் ஒரு புதுவகை மண்ணைப் படைக்க விரும்பினார். இம்முயற்சி பல ஆண்டுகள் நீடித்தது. ஒரு கலவை கொப்புளித்தது, ஒன்று வளைந்தது, ஒன்று நிறம் மாறியது. ஒரு சூளையில் நன்றாக வந்த கலவை மறு சூளையில் கெட்டது. ஆயிரக்கணக்கான துண்டுகளைச் சுட்டுப் பார்த்தார். பேரியம் கலந்த ஒரு கனிமப் பொருளைச் சேர்த்தபொழுது வழி பிறந்தது. 1775ஆம் ஆண்டளவில் ஜாஸ்பர் என்னும் பாண்டம் உருவாகியது. மெல்லிய நீல நிறத்தின்மேல் வெண்ணிற உருவங்கள் புடைத்து நிற்கும் அதன் அழகு இன்றும் உலகோரைக் கவர்கின்றது. அவ்வுருவங்களைத் தனியே அச்சில் எடுத்து, நீர் தடவி ஒட்டி, பாண்டத்துடன் சேர்த்துச் சுட்டனர். இரண்டும் ஒரே வகை மண்ணாதலால் ஒருங்கே சுருங்கிப் பிரியாமல் நின்றன.

ஒரே கலவை ஒருமுறை வெல்வதும் மறுமுறை தோற்பதும் ஏன்? மண்ணை நிறுத்துப் போட்டாயிற்று. மெருகை அளந்து பூசியாயிற்று. அளக்கப்படாதது ஒன்றே ஒன்று, அதுதான் தீ. பாதரச வெப்பமானி சூளையின் வெப்பத்தைத் தாங்காது. சுமார் 357 பாகை செல்சியஸிலேயே பாதரசம் கொதித்துவிடும். சூளையோ அதனினும் இரண்டு மூன்று மடங்கு வெப்பமுடையது. குயவர்கள் சிவப்பு, இளஞ்சிவப்பு, மஞ்சள், வெள்ளை எனத் தீயின் நிறத்தைக் கொண்டே மதிப்பிட்டனர். ஒருவர் கண்ணுக்கு மஞ்சளாகத் தோன்றுவது மற்றொருவர் கண்ணுக்குச் சிவப்பாகத் தோன்றலாம்.

இவ்விடர்க்குத் தீர்வை வெட்ஜ்வுட் எங்கே கண்டார்? குயவர் தம் பகையாகக் கருதிய சுருக்கத்திலேயே கண்டார்! களிமண் வெப்பம் ஏற ஏற மேலும் மேலும் சுருங்குகின்றது. அப்படியானால் எவ்வளவு சுருங்கியது என்பதை அளந்தால் எவ்வளவு வெப்பம் பட்டது என்பதை அறியலாம் அன்றோ? ஒரே அளவான சிறு மண்துண்டுகளைச் செய்தார். பித்தளைத் தகட்டின்மேல் ஒருபுறம் அகன்றும் மறுபுறம் குறுகியும் செல்லும் பள்ளம் ஒன்றை அமைத்து, அதன் ஓரத்தில் அளவுக் கோடுகள் இட்டார். சூளையிலிருந்து எடுத்த துண்டை ஆறவிட்டு அப்பள்ளத்தில் தள்ளுவார். குறைவாகச் சுருங்கிய துண்டு முன்னரே நின்றுவிடும். மிகுதியாகச் சுருங்கியது உள்ளே நெடுந்தொலைவு செல்லும். அது நிற்கும் கோடே வெப்பத்தின் அளவு. 1782இல் இக்கருவியை இங்கிலாந்தின் அரச அறிவியற் கழகத்திற்கு விளக்கினார். மறு ஆண்டில் அக்கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. ஒன்பது வயதில் பள்ளியை விட்டவர், அறிஞர் அவையில் அமர்ந்தார்.

இக்கருவியில் குறையும் இருந்தது. மண்துண்டு காட்டிய கோட்டைச் சாதாரண வெப்ப அளவாக மாற்றியபொழுது அவர் கணக்குத் தவறியது. பெற்ற எண்கள் உண்மையினும் பன்மடங்கு மிகுந்தன என்று பின்வந்தோர் கண்டனர். மேலும் மண்ணின் சுருக்கம், வெப்பம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதையும் பொறுத்தது. எனினும் சூளையின் தீயை ஓர் எண்ணால் குறிக்கலாம் என்னும் கருத்து நிலைபெற்றது. 1886இல் ஜெர்மானிய அறிஞர் சேகர் என்பவர் குறித்த வெப்பத்தில் வளையும் சிறு கூம்புகளைச் செய்தார். இன்றும் மண்கலைப் பயிற்சிக்கூடங்களில் அத்தகைய கூம்புகளைச் சூளையில் வைக்கின்றனர். கூம்பு தலைசாய்ந்தால் பாண்டம் பதமாயிற்று என்று அறிவர்.

மண்ணைத் தேடி அவர் நெடுந்தொலைவு சென்றார். 1767இல் அமெரிக்காவின் செரோக்கி மக்கள் வாழ்ந்த பகுதிக்கு ஆள் அனுப்பி வெண்களிமண் கொணர்வித்தார். கார்ன்வால் பகுதியின் வெண்களிமண் ஒருவருடைய தனியுரிமையில் கட்டுண்டு கிடந்தபொழுது, 1775இல் பாராளுமன்றத்தில் அதனை எதிர்த்தார். அதன் பயனாகப் பிற குயவரும் தம் சாதாரணப் பாண்டங்களுக்கு அம்மண்ணைப் பயன்படுத்த வழி பிறந்தது.

அவர் செய்தவற்றுள் மிகச் சிறியதும் மிகப் பெரியதும் ஒன்றே. அக்காலத்தில் ஆப்பிரிக்க மக்களைப் பிடித்துக் கப்பலேற்றி அடிமைகளாக விற்கும் கொடுமை நடந்தது. 1787இல் அதனை எதிர்த்து ஒரு சங்கம் தோன்றியது. வெட்ஜ்வுட் அதில் சேர்ந்தார். விலங்கு பூண்ட ஓர் ஆப்பிரிக்கர் முழந்தாளிட்டுக் கைகூப்பி, தாமும் மனிதரல்லரோ என்று முறையிடுவதாக ஒரு சிறு மண்பதக்கத்தைத் தம் தொழிற்சாலையில் செய்வித்தார். ஏராளமான பதக்கங்களை விலையின்றி வழங்கினார். மக்கள் அவற்றை அணிகலனாக அணிந்து அடிமை வாணிகத்திற்குத் தம் எதிர்ப்பைக் காட்டினர். அரசியின் மேசைக்குக் கலம் செய்த அதே மண், குரலற்ற மக்களின் குரலாயிற்று. அவ்வாணிகத்தைப் பிரித்தானியா 1807இல் சட்டத்தால் தடைசெய்தது; அதைக் காண அவர் உயிரோடு இல்லை.

முதுமையில், பழைய உரோமானியர் கண்ணாடியால் செய்த போர்ட்லண்டு சாடி என்னும் கலைப்பொருளை ஜாஸ்பர் மண்ணில் அவ்வாறே செய்ய முயன்றார். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தோல்விகளைத் தாங்கி, 1789இல் முதல் நல்ல படியைப் பெற்றார். 1795 ஜனவரி 3ஆம் நாள், எட்ரூரியாவில் அவர் வாழ்வு நிறைவுற்றது. உயிர்களின் தோற்றத்தை ஆராய்ந்த சார்லஸ் டார்வின் அவருடைய மகள் வயிற்றுப் பேரர். வெட்ஜ்வுட் எண் பொறித்துச் சுட்ட சோதனைத் துண்டுகள் அந்நாட்டின் பார்லஸ்டன் என்னும் சிற்றூரில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.

மாணவர்களே, இத்தகைய சோதனையை நீங்களும் செய்யலாம். உங்கள் ஊர்க் குளத்துக் களிமண்ணைச் சலித்துப் பிசைந்து நான்கு பங்காக்குங்கள். முதற் பங்கில் மணல் வேண்டா. மற்றவற்றில், பத்துப் பங்குக் கலவைக்கு முறையே ஒன்று, இரண்டு, மூன்று பங்கு மணல் இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு பட்டை செய்து, எண் பொறித்து, அதன்மேல் சரியாக 10 சென்டிமீட்டர் நீளமுள்ள கோடு கிழியுங்கள். நிழலில் ஒரு வாரம் திருப்பித் திருப்பி உலர்த்தி, கோட்டை அளந்து எழுதுங்கள். பின் வேளாரின் இசைவு பெற்று, அவர் சூளையில் வைத்துச் சுட்டுத் தருமாறு கேளுங்கள். சுட்டபின் மீண்டும் அளங்கள். கோடு 9.2 சென்டிமீட்டராக இருந்தால் அம்மண் நூற்றுக்கு எட்டுப் பங்கு சுருங்கியது என்பது பொருள். எது கீறியது, எது உதிர்ந்தது, எது உறுதியாய் நின்றது என்பதையும் மறவாமல் எழுதுங்கள்.

அவ்வேட்டை வேளாரிடம் காட்டுங்கள். எந்தப் பட்டை நன்றாக வரும் என்பதை அவர் மண்ணைத் தொட்டபொழுதே அறிந்திருப்பார். அவர் கையறிவு தலைமுறை பல கடந்தது. உங்கள் ஏடு அந்தக் கையறிவை எழுத்தாக்கி வைக்கும். கையும் ஏடும் ஒன்றையொன்று மதித்துச் சேருமிடத்தில் தொழில் வளரும். கால் இழந்தும் தளராது, தோல்வியையும் எண்ணிட்டு எழுதி வைத்த அக்குயவர் வாழ்வு நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.